காற்றில் பறந்த கூரைக்கு வீட்டுக் காப்புறுதி எவ்வளவு தரும், எப்படித் தரும்?

கேட்கப்பட்டது இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குறைந்த விலை வரிசை வீடு. தோட்டத்தில் வேலை செய்த அப்பா 1990களில் 25,000 ரிங்கிட்டுக்கு வாங்கியது. பின்னர் வங்கியில் மறுகடன் எடுத்து, பின்பக்கம் அடுப்படியை நீட்டிக் கட்டி, அதற்கு ஜிங்க் தகடு போட்டிருக்கிறார்கள். சென்ற வாரம் மாலையில் அடித்த காற்றில் அடுப்படிக் கூரை மொத்தமாகப் பிய்ந்து போயிற்று. முன்பக்கத்து ஓடுகள் ஒரு சரிவில் கலைந்து, மழை இறங்கி, படுக்கையறை சீலிங்கும் மெத்தையும் அலமாரியும் பாழாகிவிட்டன. கண்டிராக்டர் கூரை முழுவதையும் மாற்ற 28,000 ரிங்கிட் கேட்கிறார். காப்புறுதி அதைக் கொடுக்குமா, சேதத்தை மதிப்பிடுகிற அட்ஜஸ்டர் வந்து என்ன பார்ப்பார், கையில் எவ்வளவு வரும் என்பவை கேள்விகள்.

முதலில் முகவராகவும் பிறகு இழப்பு மதிப்பீட்டு நிறுவனத்திலும் வேலை செய்தவன் என்ற முறையில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். காப்புறுதி நிறுவனம் உங்களுக்குப் புதுக் கூரை வாங்கித் தருவதில்லை. காற்று எதை உடைத்ததோ அதற்கும், காற்று திறந்துவிட்ட அந்த வழியாக மழை உள்ளே வந்து எதைக் கெடுத்ததோ அதற்கும்தான் பணம் தருகிறது. உங்கள் கிளேமில், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையில், எழப்போகும் வாக்குவாதம் ஒவ்வொன்றும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும் என்பதால், இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்களிடம் இருப்பது எந்தப் பாலிசி என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மலேசியாவில் வீட்டுக்கு மூன்று வகைப் பாலிசிகள் விற்கப்படுகின்றன. அடிப்படைத் தீக் காப்புறுதி நெருப்பு, மின்னல், வீட்டு உபயோக எரிவாயு வெடிப்பு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். காற்று, வெள்ளம், மரம் விழுதல், லாலாங் புல் தீ போன்றவற்றுக்கு அதில் தனித்தனியாகக் கூடுதல் சந்தா கட்டியிருந்தால்தான் பாதுகாப்பு உண்டு. ஹவுஸ்ஓனர் பாலிசி கட்டடத்துக்கானது. அதில் புயல் காற்று, வெள்ளம், குழாய் வெடிப்பு, வாகனம் மோதுதல் போன்றவை ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஹவுஸ்ஹோல்டர் பாலிசி வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கானது. ஆகவே உங்கள் ஓடும் சீலிங்கும் ஹவுஸ்ஓனரில் வரும். மெத்தையும் அலமாரியும் ஹவுஸ்ஹோல்டர் இருந்தால் மட்டுமே வரும், இல்லையென்றால் அவற்றை மறந்துவிட வேண்டியதுதான். இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காஃபுல் திட்டமாக இருந்தாலும் இந்தப் பிரிவுகள் ஏறக்குறைய இப்படியே இருக்கும். அதில் இந்தியர்களும் தாராளமாகச் சேரலாம் என்பதால் பலர் வங்கி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, தங்களிடம் தக்காஃபுல் இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் நம் ஊர்களில் அடிக்கடி வருகிறது. "வங்கியில் லோன் எடுத்தபோதே இன்சூரன்ஸ் கட்டினோம்" என்று சொல்லிக் கொண்டுவருகிற தாள் பல வேளைகளில் எம்ஆர்டிஏ தாளாக இருக்கிறது. அது கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ கடனை அடைக்கிற ஆயுள் காப்புறுதி. கூரைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மறுகடன் எடுத்த வங்கிக் கிளையில், கட்டடத்துக்கான பாலிசி எந்த நிறுவனத்திடம், எந்தத் தொகைக்கு, எந்தத் தேதி வரை இருக்கிறது என்று கேளுங்கள். அட்டவணைப் பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், முழு விதிமுறைப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். கிளேம் அந்த விதிமுறைகளில்தான் நிற்கும் அல்லது விழும்.

ஹவுஸ்ஓனர் பாலிசியில் காற்று பற்றிய பிரிவைத் திறந்தால், பெரும்பாலும் நான்கு செய்திகள் இருக்கும். ஒன்று, எக்ஸஸ் எனப்படும், நீங்களே ஏற்க வேண்டிய முதல் பங்கு. பல பாலிசிகளில் அது காப்புறுதித் தொகையில் 1 விழுக்காடு அல்லது ஒரு குறிப்பிட்ட ரிங்கிட் தொகை, இரண்டில் எது குறைவோ அது என்று இருக்கும். அடுத்து, வெளியே தொங்கும் அவ்னிங் எனப்படும் வெயில் மறைப்பு, வேலி, கேட், பெயர்ப்பலகை போன்றவை விலக்கப்பட்டிருக்கும்; கார் நிறுத்துகிற இடத்துக்கு மேல் போட்ட தகடு அவ்னிங்கா கூரையா என்று அட்ஜஸ்டரோடு ஒரு விவாதமே நடக்கும். மூன்றாவதாக, கட்டி முடியாத, அல்லது பழுதுபார்ப்பதற்காகத் திறந்து கிடக்கிற கட்டடம் ஏற்கப்படாது. நான்காவதுதான் உங்கள் படுக்கையறையின் தலைவிதியை முடிவுசெய்வது: மழைநீரால் வந்த சேதம், காற்று முதலில் கூரையையோ சுவரையோ உடைத்துத் திறந்த பிறகு, அந்தத் திறப்பின் வழியாக வந்திருந்தால் மட்டுமே ஏற்கப்படும். ஓடு அசையாமல் இருக்க, ஓட்டு இடுக்கில் சாரல் புகுந்து சீலிங் நனைந்திருந்தால், அது ஒழுகல் என்று எழுதப்பட்டு நிராகரிக்கப்படும். மழை அதேதான், நனைந்த மெத்தையும் அதேதான். ஆனாலும் ஒருவருக்குக் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. அநியாயமாகத் தோன்றினாலும், ஆண்டுக்கணக்கில் கூரையைப் பார்க்காமல் விட்டவரின் ஒழுகலுக்கு மற்றவர் சந்தாவிலிருந்து பணம் போகக்கூடாது என்ற நியாயம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

ஆகவே, காற்று அடித்த அன்றிலிருந்து அட்ஜஸ்டர் வரும் வரையிலான சில நாள்கள்தான் மிக முக்கியமானவை. நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னது தகவல் சொன்னதாகாது என்று சில நிறுவனங்கள் வாதிடும் என்பதால், ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ தேதியோடு இருக்கட்டும். கூரையின் மேல் தார்ப்பாய் போட்டு மேலும் நனையாமல் காப்பது உங்கள் கடமை. "அட்ஜஸ்டர் பார்க்கட்டும்" என்று திறந்தே விட்டு, இரண்டாவது மழையில் மின்கம்பிகளும் கெட்டுப்போனால், அந்த இரண்டாவது சேதத்தை அவர்கள் உங்கள் தலையில் கட்டுவார்கள். ஆனால் தார்ப்பாய் போடுவதற்கு முன்னால் படம் எடுங்கள்: தெருவிலிருந்து முழு வீடு, ஏணியில் நின்று சரிவு முழுவதும், பிறகு உடைந்த ஒவ்வோர் இடமும் அருகில், வீட்டுக்குள்ளிருந்து சீலிங் ஓட்டை வழியாக வானம் தெரியும்படி ஒன்று. தார்ப்பாய், கயிறு, ஆள் கூலி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பிய்ந்து விழுந்த தகடுகளையும் உடைந்த ஓடுகளையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அட்ஜஸ்டர் பார்த்து முடிக்கும் வரை அவை உங்கள் சாட்சிகள். உடைந்தது பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் மட்டும் அறுக்கவோ பெருக்கவோ கூடாது. நனைத்துப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஓரமாக வைக்க வேண்டும், அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

போலீஸ் புகார் ஒன்று செய்துவிடுவது நல்லது. காற்று சேதத்துக்குச் சட்டப்படி அது தேவையில்லை என்றாலும் பல நிறுவனங்கள் கேட்கின்றன. கேட்ட பிறகு ஓடுவதைவிட முன்னதாகவே கையில் இருக்கட்டும். தீயணைப்பு மீட்புத் துறையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து மரத்தை அகற்றியிருந்தால் அதன் பதிவும் உதவும். அன்று அந்த வட்டாரத்தில் காற்று அடித்ததா என்பதை அட்ஜஸ்டர் மலேசிய வானிலை ஆய்வுத் துறைக் குறிப்புகளிலிருந்தும், அதே வரிசையில் உள்ள மற்ற வீடுகளைப் பார்த்தும் சரிபார்ப்பார். மேற்குக் கரையில் பருவமாற்றக் காலமான ஏப்ரல் மே மாதங்களிலும், மறுபடியும் அக்டோபரை ஒட்டியும் மாலை இடிமழை வலுப்பதும், தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா ஸ்குவால் எனப்படும் திடீர்க் காற்றுமழை விடியற்காலையில் வருவதும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் வானிலை நிலையம் ஈப்போவில் இருக்க, காற்று உங்கள் தாமானின் இரண்டு வரிசைகளை மட்டும் தொட்டுப் போயிருக்கலாம். தோட்டத்தில் மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்த பிறகு ஓர வரிசை வீடுகள்தான் முதலில் அடி வாங்குகின்றன என்பது என் அனுபவம். அதனால் பக்கத்து வீட்டுச் சேதங்களின் படங்களும், அந்த வீட்டுக்காரரின் ஒரு வரி ஒப்புதலும் வானிலை அறிக்கையைவிட வலுவான சான்றாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அட்ஜஸ்டர் காப்புறுதி நிறுவனம் அனுப்புகிற ஆள்; அவருடைய கட்டணத்தை நிறுவனமே கொடுக்கிறது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. சிறிய கிளேம்களுக்கு நிறுவனமே தன் ஊழியரை அனுப்பிவிடுவதும் உண்டு. அவரை எதிரியாக நினைக்கத் தேவையில்லை, உங்கள் ஆளாகவும் நினைத்துக்கொள்ளக்கூடாது. அவர் ஏறிப் பார்க்கும்போது என்னென்ன பார்ப்பார் என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். முறிந்த சட்டத்தின் முறிவு முகத்தைப் பார்ப்பார். புதிதாக முறிந்த மரம் உள்ளே வெளிர் மஞ்சளாக, நார் நாராக இருக்கும், முன்பே விரிசல் விட்டிருந்த மரம் சாம்பல் நிறத்தில் மழுங்கி இருக்கும், கரையான் தின்றது தொட்டால் மாவாகும். ஜிங்க் தகட்டில் ஆணி அடித்த துளையைப் பார்ப்பார். காற்று பிய்த்த தகட்டில் துளை ஒரு பக்கமாக நீளக் கிழிந்து உலோகம் பளபளப்பாகத் தெரியும், துருவால் விட்டுப்போனதில் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையமும் உதிரும் விளிம்பும் இருக்கும். சீலிங்கில் வளையம் வளையமாகப் பழுப்புக் கறை இருந்தால் அது பலமுறை நனைந்து காய்ந்ததன் தடம். ஒரே இரவில் நனைந்த பலகை கறையில்லாமல் தொப்பையாகத் தொங்கும். இவற்றை வைத்துத்தான் அவர் தம் அறிக்கையில் காற்றின் பங்கு இவ்வளவு, தேய்மானத்தின் பங்கு இவ்வளவு என்று எழுதுகிறார்.

அவர் வரும்போது வீட்டில் யாராவது பொறுப்பானவர் கூடவே இருக்க வேண்டும். வயதான அம்மாவை மட்டும் வைத்துவிட்டு எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால், "கூரை முன்னாடியே கொஞ்சம் ஒழுகும் தம்பி" என்று அவர் வெள்ளை மனத்தோடு சொல்லும் ஒரு வாக்கியம் முழு வீட்டுக்கும் பொருத்தப்பட்டுவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. எந்த மூலை ஒழுகியது, எந்த மூலை ஒழுகவில்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் இருக்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் முழுவதும் அடுப்படியில்தான் இருக்கிறது. நம் தாமான்களில் பின்பக்கம் நீட்டாத வீடு அரிது. நகராண்மைக் கழகத்திடம் வரைபட அனுமதி வாங்கி நீட்டிய வீடும் அரிது. பாலிசி எடுத்தபோது, அல்லது வங்கி தானாகவே ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு வந்தபோது, நிறுவனத்திடம் பதிவாகியிருப்பது செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட பழைய வீடு மட்டுமே. நீட்டிய பகுதி கட்டடம் என்ற சொல்லுக்குள் வருமா என்பது பாலிசியில் கட்டடத்துக்குக் கொடுத்துள்ள விளக்கத்தைப் பொறுத்தது. வீட்டோடு நிரந்தரமாகச் சேர்ந்த பகுதிகளையும் உள்ளடக்கும் விளக்கமாக இருந்தால் உங்களுக்கு நல்ல வாதம் இருக்கிறது. மறைத்துவிட்டீர்கள் என்று அவர்கள் சொன்னால், நிதிச் சேவைகள் சட்டத்தின் 9ஆவது அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். தனிநபர் நுகர்வோர் மீது அது வைக்கும் கடமை, தவறான தகவல் தராமல் நியாயமான கவனம் எடுத்துக்கொள்வது. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. விண்ணப்பப் படிவத்தில் கூரை வகை, கூடுதல் கட்டுமானம் பற்றிக் கேள்வி இருந்ததா, யார் நிரப்பினார், என்ன பதில் எழுதப்பட்டது என்று அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். வங்கி ஊழியரே நிரப்பியிருந்தால் அதுவும் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

அடுப்படி ஏற்கப்பட்டாலும் தொகையைக் கரைக்கும் இன்னொன்று இருக்கிறது. அதுதான் ஆவரேஜ் விதி. காப்புறுதித் தொகை, வீட்டை இன்றைக்குத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குச் சமமாக இருக்க வேண்டும். வாங்கிய விலையோ, விற்கிற விலையோ, பாக்கிக் கடனோ அதற்கு அளவுகோல் அல்ல. நிலத்தின் மதிப்பு அதில் சேராது. இடிபாடு அகற்றும் செலவும் வரைபடக்காரர் கட்டணமும் சேரும். குறைந்த தொகைக்கு எடுத்திருந்தால், குறைந்த அந்த விகிதத்துக்கு நீங்களே உங்களுக்குக் காப்புறுதி செய்துகொண்டதாகக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு: நீட்டிய பகுதியோடு சேர்த்து வீட்டைக் கட்ட இன்று 150,000 ரிங்கிட் ஆகும், பாலிசியில் 60,000 ரிங்கிட் இருக்கிறது, காற்று செய்த சேதம் 20,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 60,000ஐ 150,000ஆல் வகுத்தால் 40 விழுக்காடு. ஆகவே கணக்கில் வருவது 8,000 ரிங்கிட். எக்ஸஸ் 300 ரிங்கிட் என்றால் கையில் 7,700. பாலிசித் தொகை 60,000 இருக்கும்போது 20,000 சேதத்தை முழுதாகத் தந்தால் என்ன என்று கேட்காதவரே இல்லை. பாதி விலைக்குச் சந்தா கட்டியவரும் முழு விலைக்குக் கட்டியவரும் சிறு சேதத்தில் ஒரே தொகை வாங்கினால் முழுதாகக் கட்டியவர் ஏமாளியாவார் என்பதே அதற்கான பதில்.

1980களிலிருந்து 1998 வரை குறைந்த விலை வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட்டாக இருந்தது. அந்த விலையை ஒட்டியோ, பாக்கிக் கடனை ஒட்டியோ வைத்த தொகை மாறாமல் புதுப்பிக்கப்பட்டு வருவதைத் தோட்டப்புறத் தாமான்களில் அடிக்கடி காண்கிறேன். மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாமின் இணையத்தளத்தில் கட்டுமானச் செலவைக் கணக்கிடும் கருவி ஒன்று இலவசமாக இருக்கிறது. வீட்டின் பரப்பளவையும் வகையையும் கொடுத்தால் தோராயத் தொகை வரும். அட்ஜஸ்டர் சொல்லும் மறுகட்டுமான மதிப்பு மிகையாக இருக்கிறது என்று பட்டால் அதே கருவியைக் கொண்டு நீங்களும் எதிர்க்கணக்கு வைக்கலாம், ஏனென்றால் அவர் அந்த மதிப்பை உயர்த்த உயர்த்த உங்கள் விகிதம் குறையும்.

இனி 28,000 ரிங்கிட் மதிப்பீடு. அந்தத் தாளில் "கூரை மாற்ற, ஆள் கூலியோடு" என்று ஒரே வரி இருந்தால் அது அட்ஜஸ்டருக்குப் பயன்படாது. முன்சரிவில் எத்தனை சதுர அடி ஓடு, எத்தனை முகட்டு ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் எத்தனை அடி, சீலிங் பலகை எத்தனை, அடுப்படித் தகடு எத்தனை அடி நீளத்தில் எத்தனை, பழையதை இறக்கி ஏற்றிப் போகும் செலவு எவ்வளவு என்று தனித்தனியே விலை எழுதி வாங்குங்கள்; இன்னொரு கண்டிராக்டரிடமும் அதே பட்டியலுக்கு விலை வாங்குங்கள். முன்பக்கத்தில் ஒரு சரிவுதான் சேதம் என்றால் மறு சரிவுக்குப் பணம் வராது. புது ஓட்டின் நிறம் பழையதோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றித் தரச் சொல்ல, வழக்கமான விதிகளில் இடமில்லை. அதே வகை ஓடு கடைகளில் இல்லை, கிடைப்பது பழையதோடு கொக்கி சேராது, ஒரு சரிவை மட்டும் மாற்றினால் முகட்டில் நீர் புகும் என்பது வேறு விஷயம். அது தொழில்நுட்பக் காரணம், அதைக் கண்டிராக்டரிடம் எழுத்தில் வாங்கிக் கொடுத்தால் ஏற்கப்பட வாய்ப்புண்டு. பழைய தகட்டுக்குப் பதிலாக வெப்பத் தடுப்போடு கூடிய விலை உயர்ந்த தகடு போட விரும்பினால் போட்டுக்கொள்ளலாம், விலை வித்தியாசம் உங்களுடையது.

கண்டிராக்டர்களில் சிலர், "எக்ஸஸையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், பின்பக்கக் கழிவறைத் தகட்டையும் சேர்த்துவிடலாம்" என்று பரோபகாரம் பேசுவார்கள். கிளேமில் ஒரு பகுதி பொய் என்று தெரிந்தால் முழுக் கிளேமையும் மறுக்கப் பாலிசி இடம் தருகிறது. 500 ரிங்கிட்டுக்காக 15,000ஐ இழந்த குடும்பம் எனக்குத் தெரியும்.

தொகை நிர்ணயிக்கும் அடிப்படையும் பாலிசிக்குப் பாலிசி மாறும். இழப்பீட்டு அடிப்படை என்றால் பழைய கூரையின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும். இருபது முப்பது ஆண்டுத் தகடு என்றால் கழிவு கணிசமாக இருக்கும். மறுகட்டுமான அடிப்படை என்றால் பழையதற்குப் புதியது, கழிவு இல்லை. ஆனால் உண்மையாகவே பழுதுபார்த்து முடித்து பில்லைக் காட்ட வேண்டும், பெரும்பாலும் 12 மாதங்களுக்குள். பணத்தை வாங்கி வேறு செலவுக்கு வைத்துக்கொண்டால் முதல் வகைத் தொகைதான் கிடைக்கும். வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால், வாடகை இழப்பு என்ற தலைப்பில் காப்புறுதித் தொகையில் 10 விழுக்காடு வரை தர ஹவுஸ்ஓனர் பாலிசிகளில் வழக்கமாக ஒரு பிரிவு உண்டு. சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொள்ளாமல் வாடகைக்கு இடம் எடுத்தீர்கள் என்றால் ஒப்பந்தத்தையும் ரசீதையும் வைத்திருந்து, அந்தப் பிரிவின் சொற்களைப் பார்த்துக் கேளுங்கள்.

பணம் யார் பெயரில் வரும் என்பதையும் பார்க்க வேண்டும். வீடு வங்கியில் அடைமானமாக இருப்பதால் வங்கியின் பெயரும் பாலிசியில் இருக்கும். காசோலை வங்கிக்கே போகலாம், அல்லது பழுதுபார்க்க உங்களுக்கு விட வங்கி எழுத்தில் சம்மதிக்கலாம். கிளேம் போட்ட அன்றே வங்கிக்கும் கடிதம் கொடுத்துவிட்டால் கடைசியில் காத்திருக்க வேண்டியிராது. அப்பா காலமாகி, வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்) இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், நிறுவனம் வாரிசு ஆவணம் கேட்கும். நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டு விண்ணப்பத்தை அதற்குள் தொடங்கிவிடுங்கள். கூரைக் கிளேமில் ஆதாரமெல்லாம் சரியாக இருந்தும் பணம் முடங்கிக் கிடப்பதற்கு நம்மவர்களிடையே இதுதான் பெரிய காரணம்.

நிறுவனம் ஒரு தொகையைச் சொல்லி டிஸ்சார்ஜ் வவுச்சர் அனுப்பும். அதில் முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன் என்றிருக்கும். கையெழுத்திட்ட பிறகு மேலும் கேட்பது மிகக் கடினம். அதற்கு முன்னால் தொகை எப்படி வந்தது என்ற கணக்கை, அதாவது ஒப்புக்கொண்ட சேதம், தேய்மானக் கழிவு, ஆவரேஜ் விகிதம், எக்ஸஸ் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். உடன்படாத வரியை மட்டும் எடுத்து, உங்கள் ஆதாரத்தோடு பதில் எழுதுங்கள். "மிகக் குறைவாகத் தந்துவிட்டீர்கள்" என்ற பொதுப் புலம்பலுக்கு யாரும் அசையமாட்டார்கள். "படுக்கையறை சீலிங் 6 பலகைகளைப் பழைய ஒழுகல் என்று நீக்கியிருக்கிறீர்கள், 3ஆம் படத்தில் கறை வளையம் எதுவும் இல்லை" என்ற கடிதத்துக்கு அசைவார்கள்.

நிறுவனத்தின் புகார்ப் பிரிவு இறுதி முடிவை எழுத்தில் தந்த பிறகும் திருப்தி இல்லையென்றால், நிதிச் சந்தைகள் குறைதீர்ப்பாளர் சேவையான எஃப்எம்ஓஎஸ்ஸுக்குப் போகலாம். முன்பு இருந்த நிதிச் சேவைகள் குறைதீர்ப்பாளரும் பங்குச் சந்தைத் தகராறு மையமும் இணைந்து 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகின்றன. நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 250,000 ரிங்கிட் வரையிலான தகராறுகளை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இறுதி முடிவுக் கடிதம் வந்த 6 மாதங்களுக்குள் போக வேண்டும் என்பதால் அந்தக் கடிதத்தின் உறையைக்கூடப் பத்திரமாக வையுங்கள். அவர்களுடைய தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

உங்கள் சித்தப்பா இன்னும் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார், அவர் வீட்டுத் தகடும் பறந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு வழி வேறு. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. அதற்கு அவர் ஹவுஸ்ஓனர் பாலிசி எடுக்கவும் முடியாது, தேவையும் இல்லை. வேலை செய்யும் தொழிலாளி என்றால், 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டமான 446ஆவது சட்டத்தின்கீழ் வீட்டைப் பழுதுபார்த்து வைப்பது முதலாளியின் பொறுப்பு. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல் நிர்வாகிக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளட்டும்; நடக்கவில்லையென்றால் ஆள்பல இலாகாவுக்குப் போகலாம். உள்ளிருக்கும் சாமான்களுக்கு மட்டும் அவர் தம் பெயரில் காப்புறுதி எடுக்கலாம். பாலிசியே இல்லாதவர்கள் மாவட்ட அலுவலகத்திலும் சமூக நல இலாகாவிலும் பேரிடர் உதவிக்குப் பதிந்துகொள்ளலாம். அது ஈடு அல்ல, உதவி மட்டுமே, ஆனாலும் அதற்கும் படமும் போலீஸ் புகாரும் கேட்பார்கள்.

கிளேம் பணம் கைக்கு வந்த பிறகு ஒரு வேலை மீதமிருக்கும். கொடுத்த தொகை அளவுக்கு அந்த ஆண்டின் காப்புறுதித் தொகை குறைந்துவிடக்கூடும். பாலிசியில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் பிரிவு இல்லையென்றால், சிறு கூடுதல் சந்தா கட்டி அதை நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுத் திரும்பப் பெற வேண்டும். அதே கடிதத்திலேயே நீட்டிய அடுப்படியின் பரப்பளவையும் அதன் கூரை வகையையும் தெரிவித்து, தொகையை இன்றைய கட்டுமானச் செலவுக்கு உயர்த்தக் கேளுங்கள். வங்கி உங்களுக்காகப் புதுப்பிக்கிற பாலிசியாக இருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் நீங்கள்தான், வங்கி தன் கடனின் அளவை மட்டுமே பார்க்கும்.